பட்டப்பேர் செல்லாது

மழை விட்டுவிட்டது, ஆனால் பாஸ்கெட்பால் கோர்ட் காயவில்லை. சிமெண்டுத் தரையில் நின்ற தண்ணீரை மாணவர்கள் ஈரச் சாக்கால் இழுத்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், தள்ளித் திரும்புவதற்குள் அது பழைய இடத்துக்கே வந்து நின்றது. ஜெசிந்தா கேலரியின் மூன்றாவது படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய்விடலாம், நடக்கிற தூரம்தான். போய் என்ன செய்ய, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, காலையில் வைத்த குழம்பைச் சூடாக்கி, ஒரு தட்டை எடுத்து வைத்து, அதற்கு இந்த ஈரப்படியே தேவலை. சிறுமலைப் பக்கம் வானம் இன்னும் கறுத்துத்தான் கிடந்தது. சாயங்கால வெளிச்சம் துணி அலசிய தண்ணீர் மாதிரி கலங்கலாக எல்லார் முகத்திலும் படிந்திருந்தது. ஆரோக்கியநாதர் கல்லூரி வெள்ளிக் கோப்பையின் இறுதி ஆட்டம், முதல் பாதி முடிந்ததும் பிடித்த மழை. அவளுக்கு இடப்பக்கம் வாஹித் பாய், பேகம்பூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், இப்போது கடையை மகன்களிடம் விட்டுவிட்டார். வலப்பக்கம் தங்கமாயன் வக்கீல், இதே கல்லூரியில் படித்தவர், உடம்பு கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் அலைந்து தளர்ந்துவிட்டாலும் குரல் மட்டும் மாணவர் கேலரியை விட்டு வெளியே வரவே இல்லை. இரண்டு பேரும் ஒரு நாளும் பந்தைத் தொட்டவர்கள் இல்லை. ஆனால் எந்த வருஷம் எந்தக் கல்லூரி யாரை எத்தனை பாயிண்டில் அடித்தது, யார் அஞ்சு ஃபவுல் வாங்கி வெளியே போனான், எந்த ரெஃபரியை எந்த ஊர்க்காரன் விரட்டினான், இதெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கணவர் இறந்து அவள் நாகர்கோவிலை விட்டுத் திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்த புதிதில், இவர்களுக்குப் பின்படியில் தற்செயலாக உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டை அணி முதன்முதலாகக் கோப்பையைக் கொண்டுபோன வருஷம் எது என்று முன்னால் சண்டை. இரண்டு பேரும் சொன்னது தப்பு. பின்னாலிருந்து சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை, வாய் சொல்லிவிட்டது. இரண்டு தலையும் திரும்பின. எப்படிம்மா தெரியும், என்றார் வாஹித் பாய். சின்ன வயசுல பார்த்திருக்கேன் என்றாள். அவ்வளவுதான், நடுவில் இடம் விட்டு உட்கார வைத்துவிட்டார்கள். யார் மகள், யார் தங்கை, எந்தத் தெரு என்று ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே அவர்களைப் பிடித்துப்போனது. ஒரே ஒரு வருஷத்தைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். எண்பத்தேழு.

மைக் கரகரத்தது. பிரிட்டோ, பழைய மாணவர் சங்கத்துக்காரன், நாற்பது வயசுக்கு முடிக்குச் சாயம் அடித்தவன், மழை நேரத்தில் கூட்டம் கலைந்துவிடாமல் பிடித்து வைக்கிற வேலை அவனுக்கு. "யாரும் போயிராதீங்க, அரை மணி நேரத்துல கோர்ட் ரெடி, அதுவரைக்கும் நம்ம கோப்பை பத்திச் சில கேள்வி, கரெக்டா சொல்றவங்களுக்கு ஒரு டீ-ஷர்ட்." முதல் கேள்விக்கே தங்கமாயன் எழுந்துவிட்டார். இங்கே முதல்முதல் விளக்கு போட்டு ஆடின வருஷம். சொன்னார், கைதட்டல், டீ-ஷர்ட் பறந்து வந்து வாஹித் பாய் மடியில் விழுந்தது. "எனக்குப் பத்தாது, ஒனக்கும் பத்தாது, பேரனுக்கு ஆகும்" என்று அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார் பாய். அடுத்தது, மண் தரை எப்போது சிமெண்டானது. அதற்கடுத்தது, ஒரே ஆட்டத்தில் இரண்டு அண்ணன் தம்பிகள் எதிரெதிர் அணியில் ஆடியது எப்போது. ஜெசிந்தாவுக்கு மூன்றுமே தெரியும். தெரியும் என்பது நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சூடு, கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற சூடு, இந்த வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த சந்தோஷம் என்று சொன்னால் இதுதான். மகன் பெங்களூரிலிருந்து பேசும்போது சொல்லவேண்டும், பாஸ்கெட்பால் பார்க்கப் போனேன்டா என்று, அவன் சிரிப்பான், உனக்கெதுக்கும்மா இந்த வயசுல என்பான், அவனுக்கு ஒரு மாமா இருந்தது தெரியும், தண்ணீரில் வழுக்கி விழுந்து செத்தது தெரியும், அதற்கு மேல் தெரியாது, தெரிந்து என்ன, என்று எண்ணம் வழுக்கிக்கொண்டு போன இடத்தில் பிரிட்டோ அடுத்த கேள்வியைக் கேட்டான்.

"இது பழைய ஆளுங்களுக்கு. எண்பத்தேழு ஃபைனல். நம்ம காலேஜ் ஒரு பாயிண்ட் பின்னால. டைம் முடிஞ்சு போச்சு, ஆனா ஃபவுல், நமக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. ஒண்ணு விழுந்தா டை, ரெண்டும் விழுந்தா கோப்பை. ரெண்டையும் விட்டது யாரு?"

சிரிப்பு எழுந்தது. பழைய ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து, பழைய பண்டத்தை டப்பாவிலிருந்து எடுத்துத் தின்கிறவர்களின் சிரிப்பு. தங்கமாயன் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினார்: "ரெண்டும்போச்சு!" கேலரி முழுக்க அதிர்ந்தது. இன்னும் நாலைந்து பேர் வேறு வேறு மூலைகளிலிருந்து அதையே கத்தினார்கள். பிரிட்டோ சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான். "அண்ணே, பட்டப்பேர் செல்லாது. அசல் பேரு வேணும்."

தண்ணீர் குடிக்கப் போகவேண்டிய நேரம் இதுதான், ஆனால் கால் எழும்பவில்லை. தொடைக்குக் கீழே கைக்குட்டை நனைந்து ஈரம் புடவைக்கு ஏறியிருந்தது, எழுந்தால் பின்னால் கறை தெரியும், எல்லாரும் பார்ப்பார்கள், எழுந்திருக்கக் கூடாது, என்று ஏதோ ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டும்போச்சு. முப்பது நாற்பது வருஷத்துக்கு அப்புறமும் அது அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்துத் தேயாமல். அந்த ஃபைனலுக்கு அடுத்த நாள் காலையிலேயே வந்துவிட்டது அது. பால்காரர்தான் முதலில், செம்பில் பால் ஊற்றிக்கொண்டே, என்னப்பா ரெண்டும் போச்சாமே என்றார், கேலியாகக் கூட இல்லை, துக்கம் விசாரிக்கிற மாதிரி. அவள் அண்ணன் கஸ்பார் சிரித்தான். ஆமாண்ணே, போச்சு. பிறகு டீக்கடையில், பஸ்ஸில், சலூனில். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, ரெண்டும் போயிராம வச்சுக்க என்பார். அதற்கும் சிரித்தான். கஸ்பார் நன்றாகச் சிரிப்பான். மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் ஏறியிருக்கும், சிரித்தால் அது உதட்டில் மாட்டும். அந்தச் சிரிப்பு நிஜச் சிரிப்பா என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. பதினேழு வயசில் யார் யோசிக்கிறார்கள். இப்போது யோசித்து யோசித்து அந்தச் சிரிப்பே கைபட்டுத் தேய்ந்த படம் மாதிரி ஆகிவிட்டது, பல் மட்டும் தெரிகிறது, கண் தெரியவில்லை.

"டேனியல்!" என்று கீழ்ப்படியிலிருந்து யாரோ கத்தினார்கள். தப்பு என்றான் பிரிட்டோ. "டேனியல் அந்த வருஷம் ஆடவே இல்லய்யா, மஞ்சக்காமாலை" என்றார் வாஹித் பாய் தனக்குத்தானே. அவர் கண்ணை மூடிக்கொண்டு தேடினார், விரல்கள் மடியில் ஒவ்வொன்றாக மடங்கின. "அமலதாஸ் கேப்டன். செல்வின். நெட்டைக் காசிராஜன். அப்புறம் அந்தத் தேனிப் பையன், முத்துவேல். நாலு ஆச்சு. அஞ்சாவது... அஞ்சாவதுதான் அவன். ஒல்லியா இருப்பான். தங்கமாயா, ஒன் கிளாஸ்மேட் இல்ல?" "எனக்கு ஒரு வருஷம் சீனியர் பாய். பேரு... ஏதோ 'க'ன்னு ஆரம்பிக்கும். கருணாகரனா? இல்ல. அட, நாக்குலயே நிக்கிது. நாங்க எல்லாம் ரெண்டும்போச்சுன்னே கூப்பிட்டமா, அதுல அசல் பேரு அடிபட்டுப் போச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஜெசிந்தா உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். சொல்லிவிடாதே, என்று உள்ளுக்குள் ஒன்று கெஞ்சியது, சொல்லாதே, இந்தச் சிரிப்புக்கு நடுவில் அந்தப் பேரைப் போடாதே. அதே நேரத்தில் இன்னொன்று, சொல்லு, சொல்லு, க என்று வந்துவிட்டாய், இன்னும் கொஞ்சம்தான், ஸ் வந்துவிட்டால் பிறகு தானாக வந்துவிடும், எங்கள் வீட்டிலேயே சொல்லாத பேரை நீயாவது சொல்லு. அண்ணன் போன பிறகு வீட்டில் அந்தப் பேர் நின்றுபோனது. அப்பா அவன், இவன் என்று கூடச் சொல்லமாட்டார், 'அப்போ' என்பார், அப்போ நடந்தப்போ, அப்போ வாங்கினது. அம்மா அவன் ஆத்மாவுக்காகக் கோயிலில் பூசைக்குக் கொடுக்கும்போது மட்டும் சாமியார் காதில் சொல்லிவிட்டு வருவாள், பீடத்திலிருந்து சாமியார் அதை வாசிக்கிற நேரத்தில் தலையை இன்னும் குனிந்துகொள்வாள். அப்பாவும் போய் அம்மாவும் போய், நாகர்கோவிலில் யாருக்கும் அந்தப் பேர் தெரியாது, கணவருக்குத் தெரியும், அவரும் போய்விட்டார். இந்த உலகத்தில் அந்தப் பேரைத் தெரிந்த வாய் இன்னும் எத்தனை இருக்கும் என்று அவள் ஒரு நாள் கூட யோசித்ததில்லை, இப்போது யோசிக்க, முதுகெலும்பில் ஈரம் ஏறுகிற மாதிரி இருந்தது.

டைம் முடிந்தபிறகு போடுகிற ஃப்ரீ த்ரோவுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. அது சட்டம். மற்ற நேரங்களில் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசை கட்டி நிற்பார்கள், பந்து தவறினால் பாய்ந்து பிடிக்க. அன்றைக்கு எல்லாரையும் ரெஃபரி கோர்ட்டை விட்டு விலக்கிவிட்டார். அவ்வளவு பெரிய தரையில் கஸ்பார் மட்டும், ஒன்பதாம் நம்பர் பனியனில், வளையத்தை நிமிர்ந்து பார்த்தபடி. அவள் பெண்கள் பக்கத்துப் படியில் இருந்தாள், இதோ, எதிரே, இப்போது ஸ்பான்சர் போர்டு கட்டியிருக்கிற இடம். அவன் உள்ளங்கையைக் காலுறையில் துடைத்தான். முதல் பந்து வளையத்தின் பின்விளிம்பில் அடித்து, திருப்பிக் கொடுத்த மாதிரி அவனிடமே வந்தது. இரண்டாவது உள்ளே இறங்கப் பார்த்து, இறங்காமல், வளையத்தைச் சுற்றியது. ஊரே வாயைத் திறந்துகொண்டு அந்தச் சுற்றைப் பார்த்தது. அவள் மட்டும் அவன் கையைப் பார்த்தாள். பந்தை விட்ட பிறகும் கை இறங்கவில்லை, மேலேயே இருந்தது, யாரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்ட மாதிரி. பந்து வெளியே விழுந்து, எதிரணி மதுரைக்காரர்கள் உள்ளே ஓடிவந்து, அவனை இடித்துக்கொண்டு ஆடிக் கத்தி, அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அது மேலேயே இருந்தது. அதற்கு முன்னால் அந்த ஆட்டத்தில் தன் காலேஜ் போட்ட பாயிண்டில் பாதி அவன் போட்டது. ஒரு பாயிண்ட் வித்தியாசத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியதே அவன். அதை யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை.

அப்புறம் தினம் விடியலில் இங்கேதான் வந்தான். தனியாக. வேர்க்க வேர்க்கத் திரும்பி வருவான், தின்ன இட்லியை வைத்துக்கொண்டு அவள் காத்திருப்பாள். எப்படிண்ணே போட்ட. "எல்லாமே விழுது ஜெசி. இப்ப எல்லாமே விழுது." அதைச் சொல்லும்போது சந்தோஷமாகத்தான் சொன்னான், அப்படித்தான் ஞாபகம், ஆனால் ஞாபகத்தை எவ்வளவு நம்பலாம். அடுத்த வருஷம் அணியில் எடுக்கவில்லை. இரண்டு பேப்பர் அரியர் விழுந்தது. அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார், அவர் யாரிடமும் அதிகம் பேசுகிறவர் இல்லை, அதனால் இதற்காகத்தான் என்று சொல்ல முடியாது. இதற்காகத்தான் என்று எதைத்தான் சொல்ல முடிகிறது. ஊருக்கு வெளியே கல்குவாரி, மழைக்குப் பிறகு தண்ணீர் நிறைந்து கிடந்தது, பையன்கள் குளிக்கப் போகிற இடம். சட்டையை மடித்துப் பாறைமேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் செருப்பை வைத்திருந்தான். குளிக்கப் போகிறவன் அப்படித்தான் வைப்பான். குளித்துவிட்டு வந்து போட்டுக்கொள்ளப் போகிறவன். இல்லை, எப்போதும் எதையும் ஒழுங்காக மடித்து வைக்கிறவன், போகும்போது கூட அப்படித்தான் வைத்துவிட்டுப் போவான். அவனுக்கு நீச்சல் தெரியும். நீச்சல் தெரிந்தவனும் பாறையில் மண்டை இடித்தால் போய்விடுவான். மண்டையில் காயம் இருந்ததா. கேட்டிருக்கவேண்டும், யாரிடம் கேட்பது, அம்மா அன்றைக்கு ராத்திரியே வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள், வழுக்கி விழுந்துட்டான், வழுக்கி விழுந்துட்டான் என் புள்ள, அதற்குமேல் அந்த வீட்டில் கேள்வி இல்லை. ஜெசிந்தாவும் அதையே சொல்லி வளர்ந்தாள், பெண் பார்க்க வந்தவர்களிடம், மாமியாரிடம், மகனிடம். சட்டை, செருப்பு, நீச்சல். இந்த மூன்றையும் எத்தனை விதமாக அடுக்கினாலும் ஒரு கதை வருகிறது, கலைத்து அடுக்கினால் இன்னொரு கதை வருகிறது. ஒரு பந்து ஒருவனைக் கொன்றுவிடுமா. ஒரு பட்டப்பேர் கொல்லுமா. கொல்லாது, எத்தனையோ பேர் எத்தனையோ பேரைச் சுமந்துகொண்டு கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றுத் தொந்தி போட்டு இந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவேளை கொல்லும்.

"ஒருத்தருக்கும் தெரியலையா? சரி, நானே சொல்றேன்" என்றான் பிரிட்டோ. கையிலிருந்த போனைப் பார்த்தான். "டி. அமலதாஸ்!"

கூட்டம் ஓ என்றது. "அட, அமலதாஸா!" என்று தங்கமாயன் தொடையில் தட்டினார், தட்டியபிறகு நெற்றி சுருங்கியது, ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டார், மைக்கில் சொல்லிவிட்டால் அது அப்படித்தான். வாஹித் பாய் மட்டும், "அவன் கேப்டன்ல" என்று முனகினார். ஜெசிந்தாவுக்குக் காது அடைத்துக்கொண்டது, மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் அடைப்பது போல. அமலதாஸ். நல்ல மனுஷன், அடக்கத்தன்று கல்லறைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதவன், இப்போது கனடாவில் பேரன் பேத்தியோடு இருக்கிறானாம். அவனுக்கு இது தெரியவே போகிறதில்லை. தெரிந்தாலும் சிரிப்பான், அவன் தாங்குவான். இனிமேல் இந்தக் கேலரியில் ரெண்டும்போச்சு என்றால் அமலதாஸ்தான். இவ்வளவு எளிதா, இவ்வளவு எளிதாகக் கழுவிவிடலாமா. உட்கார்ந்திரு ஜெசி. பேசாமல் உட்கார்ந்திரு. எண்பத்தேழில் நடந்தது வேறு எவனுக்கோ நடந்தது, உன் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிற்கவே இல்லை, கை மேலேயே நிற்கவும் இல்லை, அவன் எங்கோ குளிக்கப் போனான், வழுக்கினான், முடிந்தது. சுத்தம். அம்மா கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவாள். இத்தனை வருஷம் கழித்து ஊர் தானாக வந்து விடுதலை கொடுக்கிறது, வாங்கிக்கொள். ஆனால் அங்கே நின்றது அவன். அவ்வளவு பெரிய தரையில் தனியாக நின்றது அவன். அதையும் எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டால் அவனிடம் என்ன மிச்சம் இருக்கிறது. தோற்றவனாகவாவது இந்த ஊரில் இருந்தான், இனிமேல் அதுவும் இல்லையென்றால், அவன் இருந்தான் என்பதற்கு...

"தப்பு" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. வாஹித் பாய்க்குக் கேட்டது. "என்னம்மா?" ஜெசிந்தா எழுந்தாள். புடவையின் பின்பக்கம் ஈரமாக ஒட்டியிருப்பது தெரிந்தது, இழுத்துவிடத் தோன்றவில்லை. "தம்பி, தப்பு" என்று சத்தமாகச் சொன்னாள். "அது அமலதாஸ் இல்ல. அமலதாஸ் அன்னிக்கு அஞ்சு ஃபவுல்ல முன்னாடியே வெளிய போயிட்டாரு. பெஞ்சுல உக்காந்திருந்தாரு. ஃப்ரீ த்ரோ போட்டது கஸ்பார். எக்ஸ். கஸ்பார். ஒன்பதாம் நம்பர்."

"கஸ்பார்! கஸ்பார், கஸ்பார்!" தங்கமாயன் துள்ளி எழுந்துவிட்டார். "அதான், அதேதான்! நாக்குலயே நின்னுச்சு! பிரிட்டோ, அம்மா சொன்னதுதான் கரெக்ட்டு, டீ-ஷர்ட்ட இங்க அனுப்பு!" பிரிட்டோ அசட்டுச் சிரிப்போடு மைக்கில், "மன்னிக்கணும், எனக்குத் தப்பா எழுதிக் குடுத்துட்டாங்க, சரியான விடை, எக்ஸ். கஸ்பார்" என்றான். ஸ்பீக்கர் அந்தப் பேரை எதிர்ச்சுவரில் அடித்துத் திரும்பக் கொண்டுவந்தது. அது எந்த மாதிரி இருக்கும் என்று அவளுக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்திருக்கவேண்டும், ஏனென்றால் அப்படி இல்லை என்று உடனே தெரிந்தது. நெஞ்சில் எதுவும் இறங்கவில்லை. கைதட்டினார்கள். அவளுக்குத்தான் தட்டினார்கள். பிளாஸ்டிக் உறையில் ஒரு டீ-ஷர்ட் கை மாறி கை மாறி வந்து அவள் கைக்குச் சேர்ந்தது. உட்கார்ந்தாள்.

"எப்படிம்மா இவ்வளவு துல்லியமா?" என்றார் தங்கமாயன், கண்ணில் இன்னும் அந்தக் குஷி. "நம்பர் வரைக்கும்!"

"எங்கண்ணன்."

அவர் முகத்தில் சிரிப்பு அதே இடத்தில் இருந்தது, ஆனால் அவர் அதிலிருந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதையும் மெல்ல எடுத்துவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டார். "நெசமாவா" என்றார், பிறகு அது கேட்கக்கூடாத கேள்வி என்று பட்டதுபோல் வேறொன்று கேட்டார். "இப்ப... எங்கம்மா இருக்காரு?"

"இல்ல. அடுத்த வருஷமே எறந்துட்டான்."

"அய்யோ. எப்படிம்மா?"

வாயில் அது தயாராக வந்து நின்றது, வழுக்கி என்ற முதல் வார்த்தை வரைக்கும், இத்தனை வருஷமாகப் பழகிய வாய். அவள் கோர்ட்டைப் பார்த்தாள். சாக்கை இழுக்கிறவர்கள் கடைசி மூலைக்குப் போயிருந்தார்கள். "தெரியலண்ணே" என்றாள். "குவாரித் தண்ணில கெடந்தான். வழுக்குனானா, அவனாவே குதிச்சானா... எனக்குத் தெரியல. நான் யார்ட்டயும் கேக்கல." அதைச் சொன்னதும் டீ-ஷர்ட் உறையை இறுக்கிப் பிடித்தாள், அது கரகரவென்று சத்தம் போட்டது, அதை நிறுத்தவேண்டும் என்று இன்னும் இறுக்கினாள், சத்தம் கூடியது. தங்கமாயன் முழங்கைகளை முழங்காலில் ஊன்றித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவர் கழுத்துப் பின்புறம் நரை சரியாக வழிக்கப்படாமல் குத்திட்டு நின்றது. அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

விசில் ஊதிவிட்டார்கள். இரண்டு அணியும் ஈரத்தில் காலை உரசி உரசிப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தன. கூட்டம் அவளை விட்டுவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பியது, பிரிட்டோ யாருடைய பேரையோ சத்தமாக அறிவித்தான். வாஹித் பாய் அவள் பக்கம் சாய்ந்தார்.

"ஜெசிந்தாம்மா, இனிஷியல் என்ன சொன்னீங்க?"

"எக்ஸ். சேவியர். எங்க அப்பா."

"சேவியர் கஸ்பார்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். ஸ்கோர்களையும் வருஷங்களையும் உள்ளே போட்டுக்கொள்ளும்போது செய்கிற மாதிரி, விரலை ஒவ்வொன்றாக மடக்கி, உதட்டை அசைத்து, சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தார். அமலதாஸ், செல்வின், காசிராஜன், முத்துவேல். அஞ்சாவது விரலில் நின்று, அதை மடக்காமல், கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "அந்த ஆட்டத்துல அவரு மொத்தம் எத்தன பாயிண்டும்மா போட்டாரு?"

முன்னால் பந்து உள்ளே எறியப்பட்டது, ஊரெல்லாம் கத்தியது. ஜெசிந்தா அவர் காதருகே குனிந்து சொன்னாள்.